நாலு வரிச் சட்டம்

புஷ்பவல்லிக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கிளாங் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு வந்து, தெலுக் பூலாய் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, கொமுட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தபோதே இரண்டு காதும் கொதித்துக்கொண்டிருந்தன. பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேருவதற்குள் கோபம் ஆறிவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வியாழக்கிழமை வந்த போனை நினைத்து நினைத்து ஊதிவிட்டுக்கொண்டே போனாள்.

போன் பண்ணியவர் யோகநாதன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வாசகசாலையை நடத்துகிறவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயதிலும் சட்டையை இஸ்திரி போடாமல் வெளியே வராதவர். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்ல முடியாது. சொந்த அலமாரியிலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து ஊருக்குப் படிக்கக் கொடுக்கிறவரை வேறெப்படிச் சொல்வது? ஆனால் சட்டம் என்றால் அவருக்குச் சட்டம். அங்கே ஒவ்வொரு புத்தகத்தோடும் ஒரு பள்ளிக்கூட நோட்டு நூலால் சேர்த்துக் கட்டியிருக்கும். புத்தகம் வீட்டுக்குப் போனால் நோட்டும் கூடப் போகும். படித்தவர் அதில் குறைந்தது நாலு வரி எழுத வேண்டும். பெயர், ஊர், தேதி போட வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. மந்திரியே படியேறி வந்தாலும் கிடையாது.

"பிள்ளை, நீங்கள் எழுதினதை வாசிச்சன்," என்று போனில் ஆரம்பித்தார் யோகநாதன். "வாற ஞாயிறு நாவலாசிரியர் எங்களிட்ட வாறார். வாசகர் எழுதின நோட்டை அவருக்கு முன்னால வைக்கிறது வழக்கம். கொஞ்சம் பதமா வேற ஒண்டு எழுதித் தர ஏலுமோ?"

"நாலு வரி எழுதச் சொன்னது நீங்கதானே அங்கிள்."

"நாலு வரி எண்டுதான் சொன்னன். நீங்கள் ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறீங்கள். அதுவும் அபிப்பிராயம் இல்லை, சொந்தக் கதை. உங்கட கஷ்டத்தைக் கொண்டுபோய்ப் புத்தகத்தின்ர தலையில கட்டக்கூடாது பிள்ளை. இலக்கியத்தை இலக்கியமா வாசிக்க வேணும்."

"அத நான் மாத்தி எழுத மாட்டேன் அங்கிள். எழுதினது எழுதினதுதான்," என்றாள் அவள். அவர் ஒரு பெருமூச்சு விட்டுப் போனை வைத்துவிட்டார். அவள் வேலை செய்யும் கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரம் அது. அவள் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அப்படி அவள் என்னதான் எழுதிவிட்டாள்? அதைச் சொல்லாமல் மேலே போனால் அவள் கோபம் சும்மா வாய்க்கொழுப்பு மாதிரித் தெரியும்.

புஷ்பவல்லியின் கணவன் லோகன் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டினான். நாற்பத்தோராவது வயதில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. பிள்ளை குட்டி கிடையாது. பகலில் பக்கத்து வீட்டு நல்லம்மாள் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பாள், மைலோ ஊட்டுவாள். மற்றதெல்லாம் புஷ்பவல்லிதான். விடியுமுன் எழுந்து அவனைத் துடைத்து, புரட்டி, கஞ்சி ஊட்டி, கிடங்கு வேன் வருவதற்குள் தானும் குளித்து ஓட வேண்டும். சாயங்காலம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பம். ஏழு வருடம். ஒரு நாள் விடுப்பு உண்டா அந்த வேலைக்கு?

இரண்டாவது வருடம்தான் அந்த நாவல் அவள் கைக்கு வந்தது. கிடங்கில் கூட வேலை செய்யும் மாதவி வாசகசாலையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள். "படிச்சுப் பாருலா, உன் கதைதான் இது," என்றாள். நாவலின் பெயர் 'பன்னிரண்டு வருஷத்து விளக்கு'. தெய்வானை என்றொரு பெண். கணவன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். பன்னிரண்டு வருடம் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் அவன் தலைமாட்டில் விளக்கேற்றுகிறாள். 'தெய்வானை ஒருநாளும் முகம் சுளித்தவளில்லை' என்ற வரி நாவலில் நாலு இடத்தில் வரும். புஷ்பவல்லி அதை லோகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தாள். படித்துக்கொண்டே அழுதாள். தன்னைப் பற்றி யாரோ எங்கோ நினைத்துப் பார்த்திருக்கிறார்களே என்று நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. நோட்டில் எழுதினாள்: 'இந்த நாவல் எனக்குத் தைரியம் கொடுத்தது. தெய்வானை என் சகோதரி. நானும் அவளைப் போல இருப்பேன். முகம் சுளிக்க மாட்டேன். புஷ்பவல்லி, பண்டமாரான்.'

அன்றிலிருந்து தெய்வானை அவள் வீட்டில் கங்காணி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டாள். புஷ்பவல்லி மூக்கைப் பொத்தினால் பார்த்தாள். 'எப்போதுதான் முடியும்' என்று மனசுக்குள் முணுமுணுத்தால் அதையும் கேட்டாள். ஐந்தாவது வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, மூன்றாம் முறையாகப் படுக்கை விரிப்பை மாற்றி முடித்திருந்தாள். வெளியே வேன்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். லோகன் கஞ்சியை அவள் சீருடைமேல் துப்பினான். வேண்டுமென்றே துப்பினானா, விழுங்க முடியாமல் துப்பினானா, யார் கண்டது? அவள் கை ஓங்கியது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கன்னத்தில் விழுந்தது. நல்ல பலமான அறை. துடைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மாதவியிடம்கூட. லோகன் செத்தபோது வந்தவர் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பொம்பள இல்ல, தெய்வம்," என்றார்கள். எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் போய் ஒன்றரை வருடம் கழித்து, இப்போது அவளே ரயிலேறி வாசகசாலைக்கு வந்து புத்தகம் எடுக்கிற காலத்தில், அந்த நாவலை மறுபடி கேட்டு வாங்கினாள். தெய்வானையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல இருந்தது. நாற்பதாம் பக்கம் வந்ததும் காது சூடானது. நூற்றிருபதாம் பக்கத்தில் புத்தகத்தைச் சுவரில் வீசினாள். பிறகு எடுத்துவந்து, மிச்சத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். நோட்டை விரித்து எழுதினாள்.

'இந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அந்தப் புருஷன் ஒரு முறையாவது படுக்கையை நனைத்தாரா? முதுகில் புண் வந்ததா? அவரைப் புரட்டிப் போட்டது யார்? பேம்பர்ஸ் மாற்றியது யார்? தெய்வானை விளக்கு மட்டும்தான் ஏற்றுகிறாள். என் புருஷன் ஏழு வருடம் கிடந்தார். நான் முகம் சுளித்தேன். நாற்றம் தாங்காமல் வாசலில் போய் நின்றேன். ஒரு நாள் அவரைக் கன்னத்தில் அறைந்தேன். அவருக்கு இடது கண் மட்டும்தான் அழும். அது அழுதது. உலகத்திலேயே இப்படிச் செய்த பாவி நான் ஒருத்திதான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது இந்தப் புத்தகம்தான். எழுதியவரைக் கேட்கிறேன். நீங்கள் யாரையாவது ஒரே ஒரு நாள் பார்த்துக்கொண்டதுண்டா?'

அதுதான் அந்தப் பக்கம். ஒரே தாளின் இரண்டு பக்கமும். இத்தனை வருடத்தில் யாரிடமும் வாய் திறக்காதவள் அந்தத் தாளிடம் திறந்திருந்தாள். அதைத்தான் பதமாக மாற்றி எழுதித் தரச் சொன்னார் யோகநாதன்.

பூக்கடை வாசலில் ஈரத்தை மிதித்துக்கொண்டு மாடியேறியபோது மணி பத்தாகவில்லை. நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். முன்வரிசையில் தேநீர் பிளாஸ்க்குகளுக்குப் பக்கத்தில் யோகநாதனின் மனைவி கனகேஸ்வரி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அங்கேதான் உட்காருவாள். பேச மாட்டாள், தேநீர் ஊற்றுவாள், கூட்டம் முடிந்ததும் கோப்பைகளைக் கழுவுவாள். மேசைக்குப் பின்னால் நாவலாசிரியர் சிவநேசன். சுங்கை பூலோவில் விரிவுரையாளராக இருக்கிறவர், ஐம்பது வயது இருக்கும், மெல்லிய குரல். பார்த்தால் திட்ட மனசு வராத முகம். அதுவும் புஷ்பவல்லிக்கு எரிச்சலாக இருந்தது.

மேசைமேல் நோட்டு இருந்தது. கூட்டம் ஆரம்பிக்குமுன் அவள் நேரே போய் அதை எடுத்துப் புரட்டினாள். முதலில் மாதவி எழுதியது. பந்திங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் தன் அம்மா தனியாகச் செத்துப்போனதையும், பக்கத்தில் ஒரு தெய்வானை இருந்திருந்தால் என்று ஏங்கியதையும் எழுதியிருந்தாள். பாவம், அவள் அழாமல் வேறென்ன செய்வாள். அடுத்தது பழனியப்பன், ஓய்வு பெற்ற ஆசிரியர், எழுபத்தொன்று, கல்யாணம் ஆகாதவர்: 'இப்படி ஒரு மனைவி வாய்த்தவன் பாக்கியவான்.' இவர் ஒரு துணி துவைத்திருப்பாரா வாழ்க்கையில்? அதற்கடுத்து அவளுடைய பழைய நாலு வரி. பிறகு வேறு ஏழெட்டுப் பேர். கடைசியாக அவளுடைய புதிய பக்கம் இருக்க வேண்டும்.

இல்லை. தைத்த இடத்தில் அரை விரல் அகலத்துக்குக் கிழிந்த காகிதம் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஒரு நிமிடம் கண்ணே தெரியவில்லை. அது அவள் அடிவயிற்றிலிருந்து எடுத்துவைத்த பக்கம். யார் கையில் இருக்கிறது? குப்பையில் போய்விட்டதா, இல்லை யாராவது படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களா? "உக்காருங்கோ பிள்ளை, ஆரம்பிக்கப் போறம்," என்று யோகநாதன் நோட்டைப் பதமாக அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பின்வரிசையில் போய் விழுந்தாள். 

யோகநாதன் பேச எழுந்தார். "இந்த நாவலைப் பற்றிப் பேச எனக்கு ஒரு விசேஷத் தகுதி இருக்கு," என்றார். "ஏனெண்டால் தெய்வானை என்ர வீட்டில இருக்கிறா." எல்லாரும் கனகேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் கைப்பையின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ர அம்மாவை ஒன்பது வருசம் படுக்கையில வச்சுப் பார்த்தவ. நான் கந்தோரில இருப்பன், பதவி உயர்வு எண்டு வெளியூர் போவன், கவலையே இல்லை. வீட்டில இவ இருக்கிறா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை. ஒரு நாள். இந்த நாவலை வாசிச்சு நான் அழுதனான். இது கற்பனை இல்லை, உண்மை எண்டதுக்கு நானே சாட்சி."

கைதட்டினார்கள். இவர் எப்படிச் சாட்சி ஆனார் என்று புஷ்பவல்லிக்கு விளங்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் நடந்ததற்குச் சாட்சி சொல்கிற ஆளை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"நான் மட்டும் இல்லை," என்று யோகநாதன் நோட்டைத் திறந்தார். "பண்டமாரானில இருந்து ஒரு சகோதரி எழுதினது. கேளுங்கோ." கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார்: "இந்த நாவல் எனக்குத் தைரியம் கொடுத்தது. தெய்வானை என் சகோதரி. நானும் அவளைப் போல இருப்பேன். முகம் சுளிக்க மாட்டேன்."

புதியதைக் கிழித்தது போதாதென்று பழையதை எடுத்து, அவளையே எதிரில் உட்காரவைத்துக்கொண்டு படிக்கிறார். வந்ததே கோபம். காது, கழுத்து, நெஞ்சு எல்லாம் பற்றிக்கொண்டது. புஷ்பவல்லி எழுந்து நின்றாள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அந்தச் சகோதரி நான்தான்," என்றாள். குரல் உயரவில்லை. கிடங்கில் லோரிக்காரர்களோடு தகராறு வரும்போதும் அவள் குரல் உயராது. அவர்களுக்கு அதனாலேயே அவளிடம் பயம். "ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது அது. போன மாசம் எழுதினது எங்க அங்கிள்?"

யோகநாதனின் முகம் வெளுத்தது. "பிள்ளை, பிறகு கதைப்பம்."

"இப்பவே பேசுவோம். நான் எழுதின பக்கத்தக் கிழிச்சிருக்கீங்க."

"நான் கிழிக்கேல்லை." அவர் நெஞ்சில் கை வைத்தார். "சத்தியமா இல்லை. வெள்ளிக்கிழமை பார்க்கேக்க இருந்தது. நேற்றுப் பார்த்தன், இல்லை. எங்க போச்சு எண்டு எனக்குத் தெரியாது."

"இல்லன்னதும் எங்கன்னு தேடினீங்களா?"

அவர் நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். பழனியப்பன் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேணுமா? விருந்தாளி வந்திருக்காரு. அப்படிப் பெரிசா என்ன எழுதியிருக்கப் போறீங்க?"

அவள் மேசைக்கு நடந்தாள். நோட்டை எடுத்துக் கிழிந்த இடத்துக்கு அடுத்த வெற்றுத் தாளை விரித்தாள். கிடங்கில் அவள் நிரப்புவதெல்லாம் மூன்று நகல் படிவம். அடித்தாள்வரை எழுத்து விழ வேண்டுமென்று அழுத்தி அழுத்தி எழுதிப் பழகிய கை. பன்னிரண்டு வருடப் பழக்கம், நோட்டில் எழுதினாலும் விடாது. வெற்றுத் தாளிலும், கிழிசலுக்கு முந்தின பக்கத்திலும் வரி வரியாகக் குழி விழுந்திருந்தது. அதை அப்படியே தூக்கி நாவலாசிரியரின் முன்னால் வைத்தாள்.

"தடவிப் பாருங்க சார். ஒங்களுக்கு எழுதினதுதான்."

சிவநேசன் விரலால் தடவினார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "பேம்பர்ஸ்," என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு எதிர்ப்பக்கத்தில் கடைசி வரிக்கு வந்தார். எவ்வளவு தெரிந்ததோ, அந்த வரியில் இரண்டு தடவை விரலை ஓட்டினார். "இல்லைங்க," என்றார் மெதுவாக. "நான் யாரையும் பாத்துக்கிட்டது இல்ல. எங்கப்பாவ எங்கம்மா பாத்துக்கிட்டாங்க. நான் லீவுல வந்து பாப்பேன். வரும்போது வீட்டுல வெளக்கு எரியும்."

"ஒங்கம்மாவ ஏதாச்சும் கேட்டீங்களா?"

"கேக்கல."

அதற்குமேல் அவரைத் திட்ட என்ன இருக்கிறது? அவள் யோகநாதன் பக்கம் திரும்பினாள். "அவரே சொல்லிட்டாரு. இப்ப என் பக்கத்தக் குடுங்க அங்கிள். குடுக்காம நான் இந்த மாடிய விட்டு எறங்க மாட்டேன்."

"அவரில பிழை இல்லை."

குரல் பிளாஸ்க்குகள் பக்கமிருந்து வந்தது. கனகேஸ்வரி எழுந்து நின்றிருந்தாள். அந்தக் கூடத்தில் அவள் நின்று பேசியதை யாரும் பார்த்ததில்லை. "நான்தான் கிழிச்சனான். வெள்ளிக்கிழமை பின்னேரம், கூட்டித் துடைக்க வந்த நேரம்."

யோகநாதனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவர் சிரிக்கக்கூடச் செய்தார். "பார்த்தீங்களே, விருந்தாளி மனம் நோகக்கூடாது எண்டு..."

"விருந்தாளிக்காக இல்லை," என்றாள் கனகேஸ்வரி. "நீங்கள் போனில கதைச்சதைக் கேட்டன். அப்பிடி என்ன எழுதியிருக்கு எண்டு பார்க்கப் போனன். எனக்கு வேணும் எண்டு கிழிச்சனான்."

புஷ்பவல்லிக்கு அதைக் கேட்டு மனசு இளகவில்லை. இன்னும் எரிந்தது. "ஆன்டி, அது என்னோடது. நீங்க கிழிச்சு எடுத்துக்கிறீங்க, அங்கிள் பழசை எடுத்து எல்லார் முன்னாடியும் படிக்கிறாரு. எழுதினவ உயிரோடதானே இருக்கேன். என்னய ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்காவது தோணுச்சா?"

"தோன்றேல்லை. பிழைதான் பிள்ளை." கனகேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து, அதற்குள் எட்டாக மடித்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். இரண்டே நாளில் அந்த மடிப்புகள் துணி மாதிரித் தேய்ந்திருந்தன. எத்தனை தடவை விரித்து மடித்தாளோ.

புஷ்பவல்லி பிடுங்காத குறையாக வாங்கினாள். எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே விரித்துப் பார்த்தாள். முன்பக்கம் சரியாக இருந்தது. திருப்பினாள். 'ஒரு நாள் அவரைக் கன்னத்தில் அறைந்தேன்' என்ற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருந்தது. கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

'நானும். கிள்ளுவேன். சட்டைக் கைக்கு உள்ளே, யாருக்கும் தெரியாத இடத்தில். ஒரு நாள் அல்ல. கனகேஸ்வரி.'

அவள் காது இரண்டும் சட்டென்று குளிர்ந்துபோயின. இத்தனை வருடமாகத் தனியாகச் சுமந்ததை யாரோ ஒரு பக்கம் கை கொடுத்துத் தூக்கியதுபோல இருந்தது. தலை நிமிர்ந்து பார்த்தாள். கனகேஸ்வரியின் கண் அவளைவிட்டு நகரவில்லை. கெஞ்சவும் இல்லை, மிரளவும் இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது, இனி உன் இஷ்டம் என்பதுபோல நின்றாள்.

யோகநாதன் கையை நீட்டினார். "சரி, கிடைச்சிட்டுது. தாங்கோ பிள்ளை, நான் பத்திரமா எடுத்து வைக்கிறன். கூட்டத்தை நடத்துவம்."

புஷ்பவல்லி தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். சண்டை போட்டுப் பக்கத்தை வாங்கி நோட்டில் ஒட்ட வேண்டும் என்றுதான் கிளாங்கிலிருந்து வந்தாள். இப்போது ஒட்டினால் இரண்டு பேர் கதையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மேசையில் பென்சிலும் அழிப்பானும் கிடந்தன. ஓரத்தில் இருப்பதை அழிக்க அரை நிமிடம் போதும். அவள் கை அழிப்பானை நோக்கிப் போனது.

"அழிக்காதீங்கோ," என்றாள் கனகேஸ்வரி.

"ஆன்டி, இப்படியே ஒட்டினா எல்லாரும் படிப்பாங்க." புஷ்பவல்லி அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"வாசிக்கட்டும். நீங்கள் எழுதிப்போட்டு ஊர், பெயர் எல்லாம் போட்டனீங்கள்தானே? நான் மட்டும் கண்ணாடிக் கூட்டுக்குள்ள வச்சிருந்தா அது என்ன நியாயம்? பசை மேசை லாச்சியில இருக்கு. ஒட்டுங்கோ பிள்ளை."

புஷ்பவல்லி மேசை இழுப்பறையைத் திறந்தாள். பசைக் குப்பியை எடுத்தாள்.  அரை விரல் அகலக் கிழிசலில் பசை தடவி, தாளை நேராக வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். கன்டெய்னர் பெட்டியில் சீட்டு ஒட்டுகிறவள் அவள். அவள் ஒட்டினால் எளிதில் பிய்யாது.

நாவலாசிரியர், "நான் படிக்கலாமா?" என்று எழுந்தார்.

"நீங்க அப்புறம் சார்," என்றாள் புஷ்பவல்லி. "மொதல்ல அங்கிள்."

"நான்தான் வாசிச்சிட்டனே," என்றார் யோகநாதன். இருந்தாலும் நாற்பது பேர் பார்க்கிறார்கள். நோட்டை வாங்கினார். முன்பக்கத்தைத் தெரிந்த பாடம்போல விறுவிறுவென்று கடந்தார். தாளைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போனார். அங்கே நின்றார்.

அவர் நின்றது மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அதைப் படித்தாரா, மறுபடி படித்தாரா, தன் அம்மாவின் வெள்ளைச் சட்டைக் கையை நினைத்தாரா, யாருக்கும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முன்வரிசையைப் பார்த்தார்.

"கனகம்," என்றார். "நீ..."

"வாசிச்சா எழுத வேணும்," என்றாள் கனகேஸ்வரி. "நாலு வரி. பெயர், ஊர், தேதி. உங்கட சட்டம்தானே அது?"

அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதைத் தேடிப் போகவில்லை. புஷ்பவல்லி தன் கைப்பையிலிருந்து கிடங்குப் பேனாவை எடுத்து நோட்டின்மேல் வைத்தாள். நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள்.

"அழுத்தி எழுதுங்க அங்கிள்," என்றாள்.

யோகநாதன் உட்கார்ந்தார். தேதியைப் போட்டார். ஊரைப் போட்டார். தன் பெயரை முழுதாக எழுதினார். முதல் வரிக்கு வந்ததும் பேனா அப்படியே நின்றுவிட்டது. கீழே பூக்கடையில் யாரோ மாலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கனகேஸ்வரி தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, மேசைக்கு எதிரில், அவர் முகம் தெரிகிறமாதிரி உட்கார்ந்தாள்.

"அவசரமில்லை, ஆறுதலா எழுதுங்கோ," என்றாள். "நான் ஒன்பது வருசம் காத்திருந்தனான்."